காரணம்: ஊறுகாய்

பிப்ரவரி 3, செவ்வாய்
காலை 168/102. காரணம்: ஊறுகாய்.

டாக்டரம்மா இந்த நோட்டைப் போடச் சொல்லியிருக்கிறார். காலை, மாலை இரண்டு வேளையும் பி.பி. பார்த்து எழுத வேண்டுமாம். ஏறியிருந்தால் பக்கத்தில் காரணமும் எழுத வேண்டுமாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கட்டம் போட்டுக் காலம் தள்ளிய தமயந்திக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேளை, அளவு, காரணம் என்று மூன்று கட்டம் போட்டாயிற்று. கீழே இவ்வளவு இடம் வீணாகிறதே என்று இதையும் எழுதுகிறேன்.

"வீட்ல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"பையன்?"

"புனேல."

"ஃப்ரெண்ட்ஸ்?"

"இல்ல."

"பாட்டு, கைவேலைன்னு ஏதாவது பொழுதுபோக்கு?"

"இல்ல."

"போன மாசம் வரைக்கும் நூத்தி முப்பதத் தாண்டினதில்ல நீங்க. மனசுல ஏதாவது இருக்கா?"

"ஊறுகாய் சாப்பிட்டேன்" என்றேன். சீட்டில் 'ஊறுகாய் கூடாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கேள்வி அத்தோடு நின்றது.

பிப்ரவரி 4, புதன்
காலை 160/98. மாலை 158/96. காரணம்: ஊறுகாய்.

மெஷின் வாங்கினேன். பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினால் நெரிக்கிறது. பார்க்கும்போது பேசக் கூடாதாம். யாரோடு பேசுவது?

பிப்ரவரி 6, வெள்ளி
காலை 156/94. மாலை 164/98. காரணம்: ஊறுகாய்.

சாயங்காலம் நாலு மணிக்குச் செய்ய ஒன்றுமில்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்தேன்.

நாலு மணி என்பது ஆறு வருஷமாக எஸ்தர் வீட்டுக்குப் போகிற நேரம். எஸ்தர் யார் என்று டாக்டரம்மா கேட்டால் காட்டுவதற்காக எழுதி வைக்கிறேன். இங்கே பொன்மலையில் எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். என் வயதுதான். அவள் வீட்டுக்காரர் செல்வராஜ் அண்ணன் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் வீட்டுக்காரர் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவெல்லாம் பஸ் ஏறிய பிறகு, தூக்குவாளியில் ரசத்தோடு வந்து நின்றாள். அதற்கு முன்னால் தெருவில் பார்த்துச் சிரித்த பழக்கம் மட்டும்தான்.

"சாப்புடு. சாப்புட்டுட்டு ஒரு பாட்டுப் பாடு" என்றாள்.

அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் பாடினேன். பாதியில் அழுதேன். மீதியை அவள் பாடி முடித்தாள். அந்த மாதத்திலேயே அன்றைக்குத்தான் தூங்கினேன்.

அப்புறம் கைப்பேசியில் பாடுகிற ஆப் வந்தது. இசை அதுவே ஓடும், வரிகள் திரையில் வரும். டூயட் என்றால் ஒருத்தி தன் பாதியைப் பாடிப் போட்டுவிடலாம். மற்றவள் தன் வீட்டிலிருந்தே மறுபாதியைப் பாடிச் சேர்த்துக்கொள்ளலாம். நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். எஸ்தருக்குச் சர்ச் கொயரில் பாடிய கனத்த குரல். அதனால் ஆண் பாகம் எப்போதும் அவளுக்கு, பெண் பாகம் எனக்கு. "ரெண்டாங்கல்யாணம் பண்ணிட்டேடி தமா. அதுவும் சமைக்கத் தெரிஞ்ச மாப்பிள்ள" என்பாள்.

இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு
காலை 162/98. மாலை 160/96. காரணம்: ஊறுகாய்.

நிர்மல் புனேயிலிருந்து போன் செய்தான். "எஸ்தர் ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" என்றான். அவனவன் வேலையை அவனவன் பார்த்தால் போதும்.

நடந்ததை எழுதிவிடுகிறேன், யார் மேல் தப்பு என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஜனவரி 26 சாயங்காலம் காலனிச் சங்க விழா. எங்கள் டூயட் ஐந்தாவது. ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். அதிலும் இவள் தொண்டை கட்டியிருக்கிறது என்று பாதி நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஒரே மாம்பழ மஞ்சளில் இரண்டு பேருக்கும் புடவை. இசை ஆரம்பித்தது. முதல் வரி அவளுடையது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். பிறகு தன் மைக்கை என் கையில் திணித்துவிட்டு மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டாள். முந்நூறு பேர் பார்க்க, கைக்கு ஒரு மைக்கோடு நான் நின்றேன். பாட்டு அது பாட்டுக்கு ஓடியது. முன்வரிசையில் சிரித்தார்கள்.

மறுநாள் போய்க் கேட்டேன்.

"முடியலடி" என்றாள்.

"என்ன முடியல?"

"அப்புறமா சொல்றேன்."

"ஊரு முன்னால என்னைக் கோமாளியாக்கிட்டு அப்புறமா சொல்றியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நானும் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்
காலை 158/96. மாலை 166/100. காரணம்: ஊறுகாய்.

போனில் மணி அடித்தது. எஸ்தர் ஒரு பாட்டில் தன் பாதியைப் பாடி எனக்கு அழைப்பு அனுப்பியிருக்கிறாள். மன்னிப்பு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, பாட்டு மட்டும். நான் திறக்கவில்லை. ஏழு நாள் காத்திருக்கும். யாரும் சேரவில்லை என்றால் தானாக அழிந்துவிடும். அழியட்டும்.

பிப்ரவரி 10, செவ்வாய்
காலை 160/98. மாலை 154/94. காரணம்: ஊறுகாய்.

இரண்டாவது பாட்டு வந்தது. எந்த அளவில் பாடியிருக்கிறாள் என்று பார்க்க மட்டும் கேட்டேன். மோசம். ஒரே மூச்சில் எடுக்கிற வரியை மூன்று இடத்தில் உடைத்திருக்கிறாள். குரல் முழுக்கக் கரகரப்பு. நான் போகாததால் பயிற்சியே இல்லாமல் கிடக்கிறாள். நன்றாக வேண்டும்.

பிப்ரவரி 14, சனி
காலை 166/100. மாலை 162/98. காரணம்: ஊறுகாய்.

இன்று இரண்டு பாட்டு. ஆக மொத்தம் ஏழு. ஆறாவது பாட்டில் சரணத்துக்கு நடுவில் இருமுகிறாள். இருமலோடு ஒரு பாட்டைப் போடுவார்களா? அழித்துவிட்டுத் திரும்பப் பாட வேண்டாமா? நான் பக்கத்தில் இருந்தால் விட்டிருப்பேனா?

பிப்ரவரி 16, திங்கள்
காலை 164/100. மாலை 172/104. காரணம்: ஊறுகாய்.

'இந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது.' முதல் பாட்டு போயிற்று. கடைசி வரை நான் அதைக் கேட்கவே இல்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்
காலை 170/104. காரணம்: ஊறுகாய்.

டாக்டரம்மா நோட்டைப் பார்த்தார். "இன்னும் ஊறுகாய நிறுத்தலையா?" என்றார். மாத்திரையை இரண்டாக்கிவிட்டார்.

பிப்ரவரி 18, புதன்
காலை 162/98. மாலை 162/96. காரணம்: மாத்திரை இன்னும் பிடிக்கவில்லை.

பதினொன்றாவது வந்தது. மூன்று அழிந்துவிட்டன. ஒரு தடவை வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினால் என்ன குறைந்துவிடுவாள்? தட்டினால் திறக்க மாட்டேன் என்றா சொன்னேன்?

பிப்ரவரி 21, சனி
காலை 158/96. மாலை 170/102. காரணம்: ஊறுகாய்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டாவது வந்தது. மேடையில் என்னை விட்டுவிட்டுப் போன அதே பாட்டு. அன்றைக்கு வராத முதல் வரி இப்போது வருகிறது. உடைந்து, தேய்ந்து, ஆனால் சுருதி பிசகாமல் வருகிறது. அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை?

பிப்ரவரி 22, ஞாயிறு
காலை 164/98. மாலை 160/96. காரணம்: வெயில்.

எஸ்தர் சர்ச்சுக்குப் போகிற வழி என் வாசல்தான். இன்று அவள் போகவில்லை. நான் ஒன்றும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஏழேகாலிலிருந்து எட்டரை வரை தெளித்தேன்.

பிப்ரவரி 25, புதன்
காலை 168/100. மாலை 170/102. காரணம்: ஊறுகாய்.

பதினொன்றாவதும் அழிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நான்கு நாளாகப் புதிதாக எதுவும் வரவில்லை. அலுத்துவிட்டாள் போலிருக்கிறது. அவ்வளவுதான் அவள் பொறுமை.

பிப்ரவரி 27, வெள்ளி
பார்க்கவில்லை.

மருந்துக் கடையில் செல்வராஜ் அண்ணனைப் பார்த்தேன். பஞ்சு, கட்டுத்துணி, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு என்று வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு வாரத் தாடி.

"யாருக்குண்ணே?"

என்னைப் பார்த்துவிட்டுப் பையை மூடினார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காம்மா" என்றார். கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று அந்தச் சத்தியத்தை உடைத்தார்.

"தொண்டையில கேன்சர். செவ்வாக்கெழம ஆபரேஷன் ஆச்சு. குரல்வளைய முழுசா எடுத்துட்டாங்க. உயிருக்கு இனிமே பயமில்லங்கிறாங்க. பேச்சுதான் இல்ல."

"பாட்டு?" என்று கேட்டேன். படித்தவள் கேட்கிற கேள்வியா அது?

"எப்பண்ணே தெரியும்?"

"ஜனவரி இருவத்தி நாலாந்தேதி ரிசல்ட்டு வந்துச்சு. மேடையில கடைசியா ஒருதரம் தமாவோட பாடிட்டு, எறங்குனதும் சொல்லிடுறேன்னா. அன்னிக்கி சுத்தமா சத்தம் வரல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் சொன்னேம்மா. பரிதாபப்பட்டு வரவேணாம், கோவம் தீந்து வரட்டும்னா. தெனம் காலைல ஆவி புடிச்சிட்டு உக்காருவா. ஒரு பாட்ட பத்துத் தடவ பாடுவா, ஒண்ணு தேறும். டாக்டரு திட்டுனாரு, கேக்கல. பன்னெண்டு பாட்டு போட்டு வச்சிருக்கேன், மாசத்துக்கு ஒண்ணா தமா பாடினாக்கூட ஒரு வருஷத்துக்கு வரும், எனக்குக் குரல் இல்லாட்டியும் டூயட் நிக்காதுன்னா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏதாவது பாடுனீங்களாம்மா?"

எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

அவளுக்கு ஏழு நாள் கணக்கு தெரியாது. எல்லாம் கற்றுக்கொடுத்த நான் அதை மட்டும் சொல்லித்தரவில்லை. தேவைப்பட்டதே இல்லை. அவள் பாதி வந்த அன்றைக்கே என் பாதியைப் பாடிவிடுவேன், ஒரு நாள் தாண்டியதில்லை. பாட்டெல்லாம் அங்கே பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் படுத்திருக்கிறாள். நான் தேதி பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகச் சாக விட்டேன்.

எழுத வேண்டியதில்லை என்று விட்டதை எழுதுகிறேன். ஜனவரி 27 அன்று நான் அவளிடம் சொன்னது: "இனிமே உன் குரலே என் காதுல விழக் கூடாது."

பிப்ரவரி 28, சனி
காலை 182/108. மாலை 130/82.

கடைசிப் பாட்டுக்கு இன்று மாலை ஆறு மணி வரை கெடு. காலையிலிருந்து உட்கார்ந்தேன். அவள் முதல் வரி ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டு எழுந்தேன். முகம் கழுவினேன். கஞ்சி குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். அவள் மூச்சு வாங்குகிற ஒவ்வோர் இடமும் இப்போது வேறு மாதிரி கேட்டது. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு பாடி முடித்துச் சேர்த்தேன். நன்றாகவே வந்தது. அவள் விட்ட இடத்தில் நான் எடுத்தேன், நான் விட்ட இடத்தில் அவள் எடுத்தாள். ஆறு வருஷமாகச் செய்ததுதான்.

அரை மணி கழித்துப் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் நூற்று முப்பது. குறைந்ததற்குக் காரணம் எழுத நான் கட்டம் போடவில்லை.

மார்ச் 3, செவ்வாய்
காலை 158/96. காரணம்: ஊறுகாய்.

டாக்டரம்மா விரலை 28-ஆம் தேதியில் வைத்தார். "அன்னிக்கி என்ன மாத்திர போட்டீங்க?"

"அதேதான்."

"காலைல நூத்தி எம்பத்திரண்டு. சாயந்திரம் நூத்தி முப்பது. நான் ஒண்ணும் மாத்தல. நீங்க என்ன மாத்துனீங்க?"

"ஒரு பாட்டுப் பாடினேன். சிநேகிதியோட."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஃப்ரெண்ட்ஸே இல்லைன்னீங்க?"

நோட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நான் குடுக்குற மாத்திர பாதி வேலதான் செய்யும்மா. மீதி அந்தப் பாட்டுதான். விடாதீங்க" என்றார்.

எதைப் பாடுவது?

மார்ச் 11, புதன்
காலை 156/94. மாலை 178/106. காரணம்: ஊறுகாய்.

ஆஸ்பத்திரிக்கு யாரும் வர வேண்டாம் என்று எழுதிக் காட்டிவிட்டாளாம். இன்றுதான் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று அண்ணன் சொன்னார், போனேன். பாதியாகிவிட்டாள். கழுத்தில் ஒரு துவாரம், அதன் மேல் மெல்லிய துணி. மூச்சு அது வழியாகத்தான். மடியில் சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும். என்னைப் பார்த்ததும் பலகையில் எழுதினாள்: 'இளைச்சிட்டேடி.'

யார் யாரைச் சொல்வது?

போனை எடுத்து அந்தப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். தன் குரல் வரும்போது அசையாமல் இருந்தாள். என் குரல் வந்தபோது சிரித்தாள். முடிந்ததும் இன்னொரு தடவை என்று விரலைக் காட்டினாள். நான்கு தடவை கேட்டோம். அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

பிறகு எழுதினாள்: 'ஒண்ணு ஆச்சு. பதினொண்ணு பாக்கி. அடுத்தது அடுத்த மாசம். அவசரப்படாத.'

"சரி" என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 12, வியாழன்
காலை 176/104. மாலை 180/106.

ஊறுகாய் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேனே, வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஜாடி. எஸ்தர் கிறிஸ்மஸுக்குப் போட்டுத் தந்த எலுமிச்சை. ஜனவரி 26-க்குப் பிறகு அதை நான் தொடவில்லை. வாயில் அவள் கட்டிய துணி அவள் போட்ட முடிச்சோடு அப்படியே இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி
காலை 178/106.

அந்தப் பதினொன்றும் இல்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. மறைக்கவும் முடியாது, அடுத்த மாதம் கேட்பாள். இந்த நோட்டை அண்ணன் கையில் கொடுத்தனுப்பப் போகிறேன்.

எஸ்தர், முதல் பக்கத்திலிருந்து படி. திட்ட வேண்டும் என்றால் இதிலேயே எழுதித் திட்டு.

மார்ச் 18, புதன்

ஐந்து நாள் கழித்துக் காலையில் அண்ணன் நோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "ரெண்டு நாளு யாரையும் பாக்க மாட்டேன்னுட்டா. சாப்பாட்டையும் தள்ளிட்டா" என்றார். "நேத்துதான் பேனா கேட்டா."

வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு பிரித்தேன்.

நான் ஊறுகாய் என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, மேலே 'நான்' என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில், நிதானமாக, ஒன்று விடாமல். வெயிலையும் மாத்திரையையும்கூட விடவில்லை. பாட்டு அழிந்த பக்கங்களில் அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. பிப்ரவரி 27-க்குக் கீழே மட்டும் இரண்டு வரி:

'நீ அன்னிக்கிச் சொன்னது என் காதுல இன்னும் இருக்குடி. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போற வரைக்கும் போனைத் தலைமாட்டுலயே வெச்சிருந்தேன், நீ பாடுவேன்னு.'

கடைசிப் பக்கத்தில்: 'நாலு மணிக்கு வா. மெஷினை எடுத்துட்டு வா.'

போனேன். வா என்று தலையசைத்தாள். சிரிக்கவில்லை. பலகையில் ஒரே வார்த்தை எழுதியிருந்தாள்: 'பாடு.'

அவள் முதன்முதலில் அனுப்பி, நான் கேட்காமலே அழிய விட்ட அந்தப் பாட்டைத் தேடி எடுத்தேன். இசை மட்டும்தான் இருந்தது. என் வரிகளைப் பாடினேன். அவள் வரி வந்தபோது நிறுத்தினேன். திரையில் எழுத்து ஓடியது, இசை ஓடியது, குரல் இல்லை. எஸ்தர் தொடையில் தாளம் போட்டாள். உதடு அசைந்தது. கழுத்துத் துவாரத்தின் மேலிருந்த துணி அசையவே இல்லை. வரி முடிந்த பிறகுதான் அது உள்ளே இழுத்து வெளியே வந்தது. ஒரே மூச்சில் எடுத்திருந்தாள்.

அடுத்தது என் வரி. என்னால் பாட முடியவில்லை. அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, மன்னிச்சுக்கடி, மன்னிச்சுக்கடி என்று அழுதேன். அவளும் அழுதாள். சத்தம் இல்லாமல் ஒருத்தி அழுவதை முதல் தடவையாகப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். என் முதுகில் மட்டும் அவள் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தும் அது நிற்கவில்லை.

அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்துப் பட்டையை அவளே சுற்றினாள். பேசக் கூடாது என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். எண் வந்தது. நோட்டை வாங்கி, வேளையையும் அளவையும் எழுதினாள். மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுதி, நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்துதான் பிரித்துப் பார்த்தேன். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

மாலை 166/100. காரணம்: ஊறுகாய்.